இரண்டாவது கரண்டிப் பாயசம்

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் என் இரைப்பையில் பாதிக்கு மேல் அறுத்து எடுத்தார்கள். வயிற்றுப் புண் முற்றி ரத்தமாக வாந்தியெடுத்தவனை வேலூருக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். அண்ணாமலையார் போட்ட பிச்சை அது. ஆனால் அந்தப் பிச்சை உயிரை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு கைப்பிடி சோறு என்றார். சோற்றோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, இனிப்பை மறந்துவிட வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார். என் மனைவி, எங்கள் மகளுக்குச் சின்னதில் சோறு ஊட்டிய கிண்ணத்தைப் பரணிலிருந்து எடுத்துக் கழுவி வைத்தாள். அதுதான் என் அளவு.

நான் வயிறு முட்டச் சாப்பிட்டவன். மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுவது என் வேலை. மூட்டை தூக்குகிறவர்களோடு உட்கார்ந்து அவர்களுக்குச் சமமாகக் களி உருண்டை விழுங்குவேன். உடம்பு தேறி மறுபடி வேலைக்குப் போன அன்று, என்னையே தராசில் ஏற்றிவிட்டார்கள். "இன்னாண்ணே, ஒரு மூட்டைக்குக்கூடத் தேறமாட்ட போலகீதே. கழிவு ரொம்ப ஜாஸ்தி" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இறங்கினேன்.

வயிறு சின்னதானது. ஆசை சின்னதாகவில்லை. நாலு வாய் சாப்பிட்டதும் நெஞ்சை அடைக்கும், எழுந்துவிடுவேன். எழுந்த பிறகும் வாய் ஊறிக்கொண்டே இருக்கும். தேரடி வீதி ஓட்டல் வழியாகப் போனால் நெய் வாசனைக்கு நின்றுவிடுவேன். பூஜையில் உட்கார்ந்தால் சாமி படத்தை விட்டு, முன்னால் வைத்த வெல்லக்கட்டியின் மேல் கண் போகும். கன்னத்தில் போட்டுக்கொள்வேன். மறுபடியும் அங்கேதான் போகும்.

நடக்கச் சொன்னார்களே என்று மலையைச் சுற்ற ஆரம்பித்தேன். முதலில் ஆசிரமம் வரை, பிறகு அடி அண்ணாமலை வரை, ஆறு மாதத்தில் முழுச் சுற்றும் நடந்தேன். அப்போதெல்லாம் சாதாரண நாளில் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டமே இருக்காது. அடி அண்ணாமலை டீக்கடைக்காரர் என்னைத் தினமும் பார்த்துவிட்டு "வாங்க சாமி" என்று எழுந்து நிற்கத் தொடங்கினார். வீட்டில் இட்லிப் பானையில் ஆவி வரும்போது அந்த வாசனை தாங்காமல்தான் நான் கிளம்புகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கும்பிட்டதை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

ஓர் ஆடி வெள்ளியன்று கோயிலில் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பிரசாதம் என்ன செய்துவிடும் என்று முழுவதையும் தின்றேன். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாதி வயிற்றுக்காரனுக்கு இனிப்பு நிற்காமல் நேரே குடலுக்கு இறங்கிவிடும், அதனால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் பிறகு திட்டினார். அதிலிருந்து பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுவேன். பொறுக்க முடியாத நாளில் தொன்னையை மட்டும் முகர்ந்து பார்ப்பேன்.

மூன்று வருஷம் கழித்து மகளுக்குக் கீழ்பென்னாத்தூரில் இருந்து வரன் வந்தது. பையன் கவர்மெண்ட் பஸ்ஸில் கண்டக்டர். நிலமும் கிணறும் உண்டு. எங்களுக்கு அது எட்டாத இடம். பையனைக் கோயிலில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து மகள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "வயித்த அறுத்துக்கினவன் வூட்ல யாருங்க பொண்ணு எடுப்பாங்க? விரதம்னு சொல்லிக்கலாம். ஒரு வாய் சாப்ட்டு எலைய மூடிடுங்க" என்றாள்.

அந்த ஒரு வாயில்தான் எல்லாம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பேச்சு முடியும்வரை சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைக்க மாட்டோம், தண்ணீரோடு நிறுத்திக்கொள்வோம். பேசி முடிந்ததும் பெண்ணின் தகப்பன் அந்த வீட்டு இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். ஒரு வாய் போதும்.

மாப்பிள்ளை வீட்டில் பேச்சு நல்லபடியாக முடிந்தது. இலை போட்டார்கள். நான் பருப்புச் சோற்றில் ஒரு வாய் எடுத்தேன். மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதோடு சம்மதம் ஆகிவிட்டது. இலையை மடக்கியிருக்க வேண்டும். அப்போது பாயசம் வந்தது. வெல்லப் பாயசம், முந்திரி வறுத்துக் கொட்டியது. ஒரு கரண்டி ஊற்றினார்கள். சம்பந்தி வீட்டு இனிப்பைத் தொடாமல் எழக்கூடாது என்று விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். அதுவரைக்கும் அது மகளுக்காகத்தான்.

"இன்னா சம்பந்தி, விரதம்னு சொல்லிட்டு எலையவே வழிச்சிட்டீங்களே. இன்னொரு கரண்டி வுடும்மா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

குனிந்து பார்த்தேன். இலை காலியாக இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலைக்குக் குறுக்கே கையை நீட்டிப் போதும் என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்காது. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஊற்றினார்கள். குடித்தேன். மூன்றாவதையும் குடித்தேன்.

தாம்பூலத் தட்டைக் கையில் வாங்கும் நேரம் வியர்த்தது. பிறகு எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது கூடத்தில் கிடந்தேன். உள்ளங்கையில் ஏதோ குளிர்ச்சியாக இருந்தது. விரித்துப் பார்த்தால் இரும்புச் சாவிக்கொத்து. காக்கா வலிப்பு என்று நினைத்து யாரோ திணித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தாம்பூலத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"விரதத்துல தலை சுத்திக்கிச்சு" என்றாள் மனைவி. நான் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டியிருக்கலாம். ஆபரேஷன் செய்தவன், இனிப்பு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஆகாது என்று தெரிந்தும் ஏன் மூன்று கரண்டி குடித்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாலாம் நாள் கல்யாணத் தரகர் வந்தார். வலிப்பு பெண்ணுக்கும் வரும் என்று பயப்படுகிறார்களாம். மனைவி, போய் உண்மையைச் சொல்லிவிட்டு வாங்க என்று தினமும் நச்சரித்தாள். நான் தினமும் மலையைச் சுற்றினேன். பத்து நாள் கழித்து மனதைத் தேற்றிக்கொண்டு போனபோது, அவர்கள் அவலூர்ப்பேட்டையில் பெண் எடுத்துப் பூ வைத்துவிட்டு வந்திருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

வலிப்புக் குடும்பம் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. மகளை இரண்டு வருஷம் கழித்து, முதல் மனைவி இறந்துபோன ஒருவருக்குக் கொடுத்தோம். தங்கமான மனுஷர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். குடிப்பார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மகள் என் கிண்ணத்தில் சோறு பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "வுடு நைனா. ஒடம்புக்கு ஒத்துக்காதுன்னு தெரிஞ்சும் எனக்கோசரம்தான சாப்ட்ட. வேற எந்த நைனா செய்வாரு" என்றாள்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சோற்றில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

இப்போது பிள்ளைகளோடு வரும்போதெல்லாம் அவர்களிடமும் அதையே சொல்கிறாள். தாத்தா உனக்கோசரம் உயிரையே வுட இருந்தாராம்மா என்று அதில் ஒரு குழந்தை கேட்கும். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவேன். டீக்கடைக்காரர் இன்னமும் எழுந்து நிற்கிறார். அண்ணாமலையாரிடம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் சொல்கிறேன், முதல் கரண்டி அவளுக்காக, மீதி எனக்காக என்று. அவரிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. அவர் எழுந்து கீழ்பென்னாத்தூர் போய் யாரிடமும் சொல்லப்போவதில்லை.