ஜெயசிங் வைத்த இரண்டு வினாடி

தச்சநல்லூரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். அலுவலகக் குழுவில் வழக்கமான காலைச் செய்தி வந்திருந்தது: "தாங்கும்." ஜெயசிங் எழுதிவைத்த சோதனை, யாரும் தொடாமலே தானாக ஓடி முடித்து அனுப்பும் செய்தி அது. அடுத்த செய்தியை அவர் தம்பி அனுப்பியிருந்தார். விடியற்காலையில் நெஞ்சுவலி, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இரண்டையும் மாறிமாறிப் படித்துக்கொண்டிருந்ததில் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜெயசிங்குக்கு நாற்பத்திரண்டு வயது. என்னைவிட மூன்று வயது இளையவர், பதினோரு ஆண்டுகள் பக்கத்து மேசைக்காரர். கல்லூரிகளின் தேர்வு முடிவுகளை வெளியிடும் மென்பொருளை எங்கள் சிறிய அலுவலகம் செய்கிறது. முடிவு வரும் நாளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நொடியில் வந்து விழுவார்கள். தளம் அதைத் தாங்குமா என்று முன்கூட்டியே பார்ப்பது அவர் வேலை.

தொடக்கத்தில் எங்களிடம் இருந்த கருவி ஒரு விளையாட்டு விசில்தான். அவர் ஊதியதும் நாங்கள் இருபது பேரும் அவரவர் கைபேசியில் ஒன்றாக அழுத்துவோம். கீழே கைபேசிக் கடை வைத்திருக்கும் மேலப்பாளையத்து பாய் ஒருநாள் மாடியேறி வந்து, "என்ன வே, ஆபீஸ்ல கபடியா நடத்துதீரு?" என்றார். "வாங்க பாய், உம்ம போனையும் எடும். ஒரு ஆள் கொறையுது" என்று அவரையும் வரிசையில் நிறுத்திவிட்டார் ஜெயசிங்.

இருபது பேர் கூட்டமாகாது என்பது அவருக்குத் தெரியும். மென்பொருளில் நாங்கள் தினமும் எதையாவது மாற்றுகிறோம், சோதனையோ வெளியீட்டுக்கு முந்தின நாள் மட்டும்தான் நடக்கிறது என்பது அவரை அதைவிட அதிகமாக உறுத்தியது. "அசனத்துக்கு ஆளு பந்தியில உக்காந்த பெறவு அரிசி களையக் கூடாதுக்கா" என்பார். அவர்கள் ஊர்த் தேவாலயத்தில் ஆண்டுக்கொரு முறை ஊரே அமர்ந்து உண்ணும் அசனத்தில் சாம்பார் வாளி அவருடையது. கூட்டம் என்றால் என்ன என்று அங்கேதான் படித்ததாகச் சொல்வார்.

அதனால் எங்களில் யார் ஒரு வரியை மாற்றினாலும் உடனே ஒரு பொய்க் கூட்டம் கிளம்பிப்போய்த் தளத்தை மோதும்படி எழுதினார். யாரும் எதையும் மாற்றாவிட்டாலும் காலையில் ஒருமுறை அது தானாக ஓடும். பதில் வர இரண்டு வினாடிக்கு மேல் ஆனால் "தாங்காது" என்று குழுவுக்குச் செய்தி வரும். அந்த மாற்றம் அங்கேயே நின்றுவிடும், வெளியே போகாது. "என்ன ஜெயசிங், இன்னைக்கும் நிப்பாட்டிட்டீங்களா?" என்று நான் சலித்துக்கொள்ளாத வாரம் இல்லை. "நானா நிப்பாட்டுதேன்? நீங்க எழுதுனது நடக்க மாட்டேங்குது" என்பார்.

ஒரு முடிவு நாளன்று அம்பாசமுத்திரத்தில் ஒரு கணினி மையத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். மறுநாள் சோதனையைத் திருத்தி எழுதினார். "யாரும் ஒரு தடவ அழுத்திட்டு சும்மா இருக்கலக்கா. பிள்ள அழுத்துது, அப்பன் அழுத்துதான், மாமன் வெளியூர்லருந்து அழுத்துதான். வரலன்னா திரும்பவும் அழுத்துதாங்க." அன்றிலிருந்து எங்கள் பொய்க் கூட்டத்துக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று. அதை அவர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன். எண்ணிக்கையை எவரும் கூட்டிவிடலாம். பதற்றத்தையும் கணக்கில் சேர்க்க அவருக்குத் தோன்றியது.

இனி எழுதப்போவது ஜெயசிங்கை அறிந்த உங்களில் பலருக்கும் தெரியாதது.

மூன்றாண்டுகளுக்கு முன் முடிவு வெளியீட்டின்போது எங்கள் தளம் விழுந்தது நினைவிருக்கும். முந்தின நாள் ஜெயசிங் விடுப்பில், அசனத்தில் இருந்தார். கடைசி நேர மாற்றம் ஒன்றைச் சோதனை நிறுத்திவிட்டது. பதில் வர நான்கு வினாடி ஆனது. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து அழைப்புமேல் அழைப்பு. அந்த இரண்டு வினாடி எல்லை எழுதியிருக்கும் கோப்பைத் திறந்து நான் இரண்டை ஆறாக்கினேன். "தாங்கும்" என்று வந்தது. வெளியிட்டோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விழுந்த தளம் பிற்பகலில்தான் எழுந்தது. அலுவலகத் தொலைபேசியை நான்தான் எடுத்தேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தகப்பனார். "எம்மவ காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கலம்மா. பாஸா பெயிலா, அத மட்டும் சொல்லுங்க."

அன்று மாலைக் கூட்டத்தில் வாடிக்கையாளர் தரப்பு அதிகாரி யார் பொறுப்பு என்று கேட்டார். ஜெயசிங் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தச் சோதனை என் பொறுப்புல உள்ளது சார்" என்றார். அவரை அந்தப் பணியிலிருந்து ஓராண்டுக்கு விலக்கினார்கள். கோப்பை யார், எப்போது மாற்றினார் என்ற பதிவில் என் பெயர் இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "நீங்க பேசுவீங்கன்னு பாத்தேன்க்கா. அதான் சித்த நேரம் சும்மா இருந்தேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எல்லையைத் திரும்ப இரண்டாக்கச் சொன்னார், பக்கத்தில் காரணம் ஒரு வரி எழுதச் சொன்னார். "நேர நெருக்கடியால் மாறியிருந்தது, சரிசெய்யப்பட்டது" என்று எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு தானா எந்திரிச்சுப் போயி ஆறாயிட்டாக்கும்?" அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அதே அதிகாரி வந்திருந்தார். "தங்கமான மனுஷன். அந்த ஒரு தடவதான் அசந்துட்டாரு" என்றார். உள்ளபடியே வருத்தத்தோடுதான் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்த ஜெயசிங்கின் மகள் அதைக் கேட்டு ஒரு கணம் நின்றாள். அப்போதும் நான் பேசவில்லை.

போன வாரம் அந்தக் கோப்பைத் திறந்து என் பழைய வரியை அழித்தேன். "இரண்டை ஆறாக்கியது நான். சோதனை சரியாகத்தான் சொன்னது. ஜெயசிங் அன்று விடுப்பில் இருந்தார்" என்று எழுதிக் கீழே என் பெயரைப் போட்டேன். ஒரு வரி மாறியதால் அவருடைய பொறுமையற்ற கூட்டம் உடனே கிளம்பி ஓடியது. அது முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அதிகாரிக்கும் எழுதி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், ஆராதனை முடிந்து வந்த அவர் மகளிடம் நேரில் சொன்னேன். "அப்பாக்குத் தெரியுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

"அப்ப ஏன் யாருட்டயும் சொல்லல?"

"நான் சொல்லுவேன்னு இருந்தாரும்மா."

அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. உள்ளே போய் அந்தப் பழைய விசிலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். வீட்டில் அப்பாவின் மேசையில் இருந்ததாம். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. அந்தக் கோப்பில் எல்லை இரண்டு வினாடியாகவே இருக்கிறது, பக்கத்தில் என் பெயரோடு. இந்த இரண்டும்தான் ஜெயசிங்கிடமிருந்து எனக்கு வந்தவை.