கடலுக்குப் போகிறவரைக் கேட்கக் கூடாத கேள்வி

கடலுக்குப் புறப்படுகிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அவர் திரும்பி வந்து, கதிரையில் சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று தேவாலயத்தில் சுவாமியார் பூசையில் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. ஊர்காவற்றுறைக் கரையில் நேவிக்காரர் காலை ஏழு மணிவரைதான் பாஸ் பார்த்து வள்ளங்களை விடுவார்கள். பிந்தினால் அன்றைக்குத் தொழில் இல்லை. மகள் வேலிப் படலையடியில் நின்று தகப்பனைக் கேட்பாள். அவர் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படலையைத் தாண்டுவார். மறுபடி கேட்பாள். ஒரே கிழமையில் மூன்று நாள் வலை வீட்டிலேயே கிடந்தது.

நான் பூவரசம் தடி முறித்தேன். எனக்குத் தெரிந்த பிள்ளை வளர்ப்பு அதுதான். அவர் தடியை வாங்கி வேலியில் செருகினார்.

“அவள் என்னை மறிக்கேல்லை. நான் திரும்பி வருவனோ எண்டு கேக்கிறாள்.”

அன்று பின்னேரம் அவளை மடியில் வைத்து, நாளைக்கு எந்தப் பக்கம் போவார், எந்த வலை, எத்தனை மணிக்கு வருவார் என்று எல்லாம் சொன்னார். இனிப் பின்னேரத்தில் கேட்கலாம், எத்தனை தரமும் கேட்கலாம் என்றார். அவள் பதினொரு தரம் கேட்டாள். பதினொரு தரமும் பதில் சொன்னார். இந்த மனுசனுக்கு விசர் என்று நினைத்துக்கொண்டு நான் கறிக்குப் புளி கரைத்தேன்.

மறுநாள் படலையடியில் அவள் வாய் திறந்தது. சட்டை விளிம்பை இரண்டு கையாலும் முறுக்கினாள். கேட்கவில்லை. அவர் மதகடி திரும்பியதும் விரல் மடித்து எண்ணினாள்: சாப்பாடு, நித்திரை, பின்னேரம்.

மாரி தொடங்கிய கிழமை, ஒரு காலை மேற்கே கறுத்துக் கிடந்தது. கடலில் காற்றும் இருந்தது, நேவிக்காரரின் துப்பாக்கியும் இருந்தது. அவர் வலையைத் தோளில் போட்டார்.

“உந்த மழைக்குள்ளை எங்கை போறியள்?” என்று கேட்டது நான்தான்.

அவர் வலையை இறக்கிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். மகள் குசினிக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவரிடம் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினாள்.

“அம்மா, பின்னேரம் கேளுங்கோ. அப்பா சொல்லுவார்.”

செம்பை வாங்கிக்கொண்டேன். கலியாணம் கட்டி ஏழு வருடம். ஒவ்வொரு நாளும் பயந்திருக்கிறேன், ஒரு பின்னேரமும் கேட்டதில்லை. அன்றைக்குப் பின்னேரம் கேட்டேன். அவர் சொன்னார். நான் இன்னொரு தரம் கேட்டேன்.