பேடென்று நான் எடுத்த குஞ்சு

கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருக்கும் நான் முட்டைக்காக ஒரு கோழி வளர்க்கிறேன். சேவல் கூவினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது வீட்டுக்காரியின் நிபந்தனை.

அதனால் சந்தையில் குஞ்சுகளின் சிறகை விரித்துப் பார்த்தேன்; இறகு நெட்டையும் கட்டையுமாக இருந்தால் பேடு, அதாவது பெட்டை, என்பார்கள். அப்படி இருந்த குஞ்சைப் பேடென்று எடுத்து வந்தேன்.

வளர்ந்து, இன்று விடியக் கூவிவிட்டது.

வீட்டுக்காரி படியேறி வந்தாள். "என்னம்மா, பேடு எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான். பிழைச்சுப்போச்சு."

"சனம் நித்திரை கொள்ள வேண்டாமா?"

"இரவிரவா றோட்டில ஆமி ஜீப் உறுமுது, பிள்ளை. முதல்ல அதை நிப்பாட்டுங்கோ. அண்டைக்கே நான் இதைக் கறி வைக்கிறன்."

"இந்த வாய்க்கு உங்களுக்கு வேற ஆரும் வீடு தரமாட்டினம்" என்று இறங்கிப் போனாள்; காலி செய்யச் சொல்லவில்லை.

நாளைக்கும் கூவும். நித்திரை கெட்டவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதலாம். இராணுவ ஜீப்பைப் பற்றி ஏற்கெனவே முறையிட்டவர்களுக்கு முதலில் பதில் தருவேன்.