ஆறு தொட்டி மீன்தோல்

எங்கள் மீன் ஆலையில் அவளுக்கு ஐஸ்காரி என்று பெயர். ஆட்களுக்கு ஐஸ் வைக்க அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. மீன்தோலுக்கு மட்டும்தான் வைப்பாள். நான் பக்கத்து மேசையில் சதை அரிகிறவள், பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.

முன்பெல்லாம் சதை கப்பலுக்கு, தோல் குப்பைக்கு. இப்போது அந்தத் தோலை வேகவைத்து, கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்து, பொடியாக்கி டப்பாவில் விற்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லதாம். மந்திரமெல்லாம் இல்லை, சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. ஐஸ்காரியின் அக்காவுக்குக் கேட்டது. மூன்று மாதம் குடித்தபின் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறினாள். அந்த அக்காவின் கணவர்தான் எங்கள் சூப்பர்வைசர். ஐஸ்காரிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவரே. அவள் சம்பளத்தில்தான் அவளுடைய இரண்டு பெண்களும் படிக்கிறார்கள்.

தோலுக்கு மவுசு வந்த பிறகும் எல்லோர் புத்தியிலும் அது குப்பையாகவே கிடந்தது. ஐஸ் முழுக்கச் சதைக்கு. இவள் ஒருத்திதான் மேசையில் மிஞ்சிய ஐஸை வாரிக்கொண்டு தோல் தொட்டிக்கு ஓடுவாள். சிரிப்போம். எங்களுக்கும் வெட்கமில்லை.

ஒருநாள் ஐஸ் இயந்திரம் மக்கர் செய்தது. ஆறு தொட்டித் தோல் காலையிலிருந்து மதியம் வரை வெயிலில் வெந்தது. பொடிக் கம்பெனி வண்டி வந்து நின்றது.

“ஏத்துங்க” என்றார் சூப்பர்வைசர்.

“ஏத்தாதீங்க மாமா. கெட்டுப்போச்சு.”

“கொதிக்க வைக்கத்தானே போறாங்க? எல்லாம் செத்துடும்.”

“கிருமி சாகும். அது விட்ட விஷம் சாகாது. அப்படியே டப்பாவுல ஏறிடும்.”

“யாருக்கும்மா தெரியப்போகுது?”

“அடுத்த மாசம் அக்கா கலக்கிக் குடிப்பாள்ல, அவ உடம்புக்குத் தெரியும்.”

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தாரே, மானம் என்னாவது?

“தோல் அள்ள வந்தவ எனக்குச் சட்டம் சொல்றியா? ஏத்துங்கடா!”

ஐஸ்காரி கழுவும் அறைக்குப் போய்ப் பினாயில் கேனைத் தூக்கி வந்தாள். முதல் தொட்டியில் ஊற்றினாள். அவர் கத்தக் கத்த அடுத்ததிலும் ஊற்றினாள். ஆறும் வெள்ளையாக நுரைத்தன. வண்டி காலியாகத் திரும்பியது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கையில் கத்தி இருந்துவிட்டது.

மறுநாள் அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மன்னிப்புக் கடிதம் தந்தால் வேலை, இல்லையென்றால் வீடு.

“பொண்ணுங்களை நெனச்சுப் பாரு. ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போ” என்றார் அவள் மாமா, தணிந்த குரலில்.

காகிதம் வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னபடி இரண்டே வரிதான் எழுதினாள்:

‘ஆறு தொட்டியிலும் பினாயில் ஊற்றியது நான்தான். ஏழாவது இருந்திருந்தால் அதிலும் ஊற்றியிருப்பேன்.’

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே போனாள்.