ஒற்றைக் கையும் உறைந்த திரையும்

விபத்துக்குப் பிறகு அவளுடைய வலது கை பேருக்குத்தான் தோளில் இருந்தது. மருத்துவமனைக் கணினி அறையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே உட்கார்ந்த நாற்காலி கைநழுவும் நிலை. மவுஸே இல்லாத கறுப்புத் திரை வேலை அது; கட்டளையைத் தட்டினால்தான் காரியம் நடக்கும். மேலாளர் கெட்டவர் இல்லை.

"போன் மேசைக்கு வந்துடுங்கம்மா. எதுக்குக் கஷ்டம்?"

அந்த இரக்கம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு மாசம் குடுங்க சார். முடியலைன்னா நானே போயிடறேன்."

கன்ட்ரோலையும் தூரத்தில் இருக்கும் இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த ஒற்றைக் கை எட்டாது. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாலே போதும் என்று வீட்டுக் கணினியை மாற்றி அமைத்துப் பழகினாள். கன்ட்ரோல், ஆர் தட்டி இரண்டு எழுத்துப் போட்டதும், முன்பு அடித்த முழ நீளக் கட்டளை தானாக வந்து நின்றது.

"என்னங்க, ஓடி வாங்களேன்!"

அடுப்படியிலிருந்து ஓடிவந்த கணவர் திரையைப் பார்த்து முழித்தார். "இதுல என்ன இருக்கு?"

"என் பொழப்பு இருக்கு!"

அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அன்றைக்கு யாருக்கும் காபி கிடையாது.

மாதம் முடிந்து வந்த சோதனை நாளில் அலுவலகக் கணினியையும் அப்படியே மாற்றிக்கொண்டாள். மேலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லா வார்டுகளின் படுக்கைப் பட்டியலையும் அச்சுக்கு அனுப்ப வேண்டும். பாதிவரை மடமடவென்று போனது. அப்போதுதான் பழக்கதோஷம் காலை வாரியது. கடிதம் அடிக்கும்போது சேமிப்பதைப் போல, விரல் கன்ட்ரோல், எஸ் தட்டிவிட்டது. கறுப்புத் திரைக்கு அது 'அப்படியே நில்' என்ற உத்தரவு. திரை உறைந்தது.

"ஹேங் ஆயிடுச்சா? போதும்மா, விட்டுடுங்க."

"திரைதான் சார் நின்னிருக்கு. அடிக்கிறதெல்லாம் உள்ள போய்க்கிட்டுதான் இருக்கு."

கன்ட்ரோல், கியூ தட்டினால் திரை விடுபடும். அவளுக்கு அது தெரியும். ஆனால் வீம்பு தலைக்கேறிவிட்டது. மிச்சமிருந்த கட்டளைகளை, ஓர் எழுத்தும் கண்ணில் படாமலே, முணுமுணுத்தபடி முழுக்க அடித்து முடித்தாள். அப்புறம்தான் கன்ட்ரோலைத் தட்டினாள், கியூவைத் தட்டினாள்.

திரையில் வரிகள் மளமளவென்று கொட்டின. அடுத்த அறையில் பிரின்டர் உறுமியது. ஒரு வார்டு விடவில்லை, ஓர் எழுத்துப் பிழையில்லை.

மேலாளர் எழுந்து நின்றார். "போன் மேசைக்கு வேற ஆளப் பாக்கறேன்ம்மா."

"தாராளமா பாருங்க சார்."

வராந்தாவுக்கு வந்து கணவரைப் போனில் அழைத்தாள். "என்னங்க... நாற்காலி எனக்குத்தான்."

அவர் போட்ட கூச்சலுக்கு வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விபத்து நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அத்தனை பேர் நடுவிலும் ஆசை தீர அழுதாள்.