படகுக்காரரின் நான்கு நிமிடம்

இல்போ கர்யுலாவைப் பற்றிக் கேட்டால் எங்கள் வடக்கத்திப் பனி ஊரான கயானியில் பாதிப் பேர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: நல்ல மனுஷன், பேச மாட்டார். அட, இந்த ஊரில் யார்தான் பேசுகிறார்கள்? நான் கிழக்கே கரேலியாக்காரி. எங்கள் பக்கம் எல்லோருக்கும் வாய் நீளம். முப்பது வருஷமாக இந்த வாய் திறக்காத ஜனங்களோடு குப்பை கொட்டுகிறேன். ஆபீசில் எனக்கு ரேடியோ என்று பேர். ஆனாலும் இல்போ மாதிரி ஒரு கல்லுளிமங்கனை நான் இங்கேகூடப் பார்த்ததில்லை.

அவருடைய அப்பா நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினவர். இல்போ பதினான்கு வயதில் பத்திரிகையில் அச்சான கட்டளைகளை வரி வரியாகப் பார்த்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விரலால் தட்டி, ஒரு குட்டிப் பூதத்தைத் திரையில் நடக்கவிட்டவர். அந்தப் பூதத்தை அவர் இன்றுவரை விடவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரு டெலிபோன் கம்பெனியில் வேலை. அது மூடினபோது வயது ஐம்பது. நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு பழைய காகித ஆலைக் கட்டடத்தில் இரண்டு அறை பிடித்தார். நான் அந்த நான்கில் ஒருத்தி. வசனப் பட்டியல் என் பொறுப்பு, ஆங்கிலத்தில் மாற்றுவதும் என் பொறுப்பு.

ஆறு வருஷம் உழைத்து ‘வடகரை’ என்று ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம் செய்தோம். அந்தக் காலத்து ஆட்டம் மாதிரியே: கட்டம் கட்டமான படம், பதினாறே நிறம், கீச்சுக் கீச்சென்று இசை, வாளும் மந்திரமும் பூதமும். ஒன்று மட்டும் புதிது, அது இல்போவின் யோசனை. ஊர்க்காரர்களிடம் போய்ப் பொத்தானை அழுத்தினால் பேச மாட்டார்கள். பக்கத்துப் பெஞ்சில் உட்கார வேண்டும், எதையும் தொடக்கூடாது. ஒரு முக்கால் நிமிடம் சும்மா இருந்தால் அவர்களாகவே வாய் திறப்பார்கள். நடுவில் பொத்தானைத் தட்டினால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரர் இருந்தார். அவர் பேச நான்கு நிமிடம் ஆகும். அவர் சொல்வதால் ஆட்டத்தில் எந்தப் பயனும் இல்லை. வாளும் கிடைக்காது, வழியும் தெரியாது. அந்த வசனத்தை இல்போ என்னிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: “நான் வந்திருந்தேன். படகை விட்டு இறங்கவில்லை. உன் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. கிட்டே வர தைரியம் இல்லை. மன்னித்துவிடு, சின்னவளே.”

அந்தச் சின்னவள் யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய ஒரே மகள் ஓனா. பள்ளி முடித்தவர்கள் எங்கள் நாட்டில் போடும் வெள்ளைத் தொப்பியை அவள் போட்ட நாளில், விருந்துக்கு அப்பா வரவில்லை என்று அவள் அவரோடு பேசுவதை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. உண்மையில் இவர் வந்திருந்தார். விவாகரத்தான மனைவியின் சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்துக்குள் நுழைய பயந்து, எதிர்ப்பக்கம் வண்டியிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஓனா இப்போது இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இருக்கிறாள்.

“ஏய்யா, இதை ஃபோன்ல சொன்னா என்ன? ஒரு நிமிஷ வேலை!” என்று கத்தினேன்.

“ஃபோன்ல வராது” என்றார். அவ்வளவுதான். ஒரு மன்னிப்பைச் சொல்ல ஒரு ராஜ்ஜியத்தையே கட்டினார் அந்த மனுஷன்.

மார்ச்சில் ஆட்டம் வெளியானது. ஓனாவுக்கு ஒரு பிரதி அனுப்பினார், கூட ஒரு வார்த்தைகூட எழுதாமல்.

இரண்டே நாளில் எங்கள் தலையில் இடி விழுந்தது. விற்கும் இணையக் கடையில், எங்கள் ஆட்டத்தின் பேருக்குக் கீழே, ஆடினவர்களின் தீர்ப்பு மஞ்சள் எழுத்தில் ‘கலவை’ என்று வந்துவிட்டது. பாதிப் பேர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், பாதிப் பேர் காறித் துப்பினார்கள். “ஊரே ஊமை, ஆட்டம் பழுது” என்று ஒருத்தன். “நாற்பது தடவை தட்டினேன், கிழவி முறைக்கிறாள்” என்று இன்னொருத்தன். உட்கார வேண்டும் என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை! சோதித்துப் பார்த்த முப்பது பேரும் இந்த வட்டாரத்து ஆட்கள். அவர்களில் ஒருத்தருக்குக்கூட அது விசித்திரமாகப் படவில்லை. அறிமுகமில்லாத கிழவி பக்கத்தில் போனால் பேசாமல் உட்காருவதுதானே மரியாதை? உலகத்தில் மற்றவர்கள் பொத்தானைத் தட்டுவார்கள் என்று எங்கள் ஐந்து பேருக்கும் தோன்றவே இல்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புகழ்ந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் நாட்டுக்காரர்கள். அவர்கள் புகழ்ச்சியும் அவர்கள் மாதிரியே இருந்தது. “படகுக்காரர் பக்கத்தில் உட்காருங்கள்” என்று ஒருத்தர் எழுதியிருந்தார், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவர் என்ன சொல்வார் என்று ஒருத்தரும் வெளியே விடவில்லை.

இல்போவுக்கு மஞ்சள் எழுத்தைப் பற்றிக் கவலையே இல்லை. நமக்குத் தெரிந்தவர்கள் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று அதே இணையக் கடை காட்டும். தினமும் காலையில் காபியோடு அதைத்தான் திறந்து பார்ப்பார். ஆட்டம் வெளியான அன்றே ஓனா ஆடியிருந்தாள். மொத்தம் இருபத்து நான்கு நிமிடம். அதன்பிறகு ஒரு நிமிடம்கூட ஏறவில்லை. படகுத்துறைக்குப் போய்ச் சேரவே எங்கள் ஆட்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது, வழியில் எல்லோரிடமும் உட்கார்ந்து உட்கார்ந்து.

“பிடிக்கல போல” என்றார் ஒரு நாள், கோப்பையைப் பார்த்துக்கொண்டே. மூன்று வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

ஏப்ரலில் ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினோம். கணினி வேலையில் கெட்டிக்காரனான யார்க்கோ சின்னப் பையன், நேரடியாகப் பேசுவான்.

“இப்படியே விட்டா கோடைக்குள்ள கடையைச் சாத்திட வேண்டியதுதான். தட்டினதும் பேசுற மாதிரி மாத்திடலாம், இல்போ.”

இல்போ ஜன்னலைப் பார்த்தார். ஆற்றில் பனிக்கட்டி உடைந்துகொண்டிருந்தது.

“மத்தவங்கள மாத்துங்க. படகுக்காரனத் தொடாதீங்க.”

“சரி, அவர் ஒருத்தர்தானே” என்றான் யார்க்கோ.

நான்தான் தொட்டேன். பட்டியல் என் கையில் இருந்தது, மாற்ற வேண்டியது வசனத்துக்குப் பக்கத்தில் இருந்த காத்திருப்பு நேரம், ஒரே ஓர் எண். ஓனா வேகமான ஊருக்குப் போய் வேகமாகிவிட்டாள், நான்கு நிமிடம் உட்கார மாட்டாள், இருபத்து நான்கு நிமிடத்தில் மூடிவிட்டுப் போனவள், மறுபடி எப்போதாவது திறந்தால் தட்டினதும் காதில் விழட்டுமே என்று நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன், சத்தியமாக. இருநூற்று நாற்பது விநாடியை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மாற்றம் வெளியான இரண்டு வாரத்தில் மஞ்சள் எழுத்து நீலமானது. ‘பெரும்பாலும் நன்று’. யார்க்கோ கேக் வாங்கி வந்தான். மே மாதம் அதே யார்க்கோ சிரித்துக்கொண்டே தன் ஃபோனை நீட்டினான்.

“இங்க பாருங்க, நம்ம படகுக்காரர் பெரிய ஆளாயிட்டார்!”

தட்டினதும் படகுக்காரர் பேசும் இடத்தை எவனோ வெட்டி எடுத்து இணையத்தில் போட்டிருந்தான். ஆபீசுக்கு மட்டம் போட்டவன், கல்யாணத்துக்குப் போகாதவன், ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு எட்டிப் பார்க்காதவன், எல்லோருக்கும் சாக்குச் சொல்ல இப்போது அதே வசனம்தான்: “நான் வந்திருந்தேன். படகை விட்டு இறங்கவில்லை.” லட்சக்கணக்கான பேர் சிரித்திருந்தார்கள்.

இல்போ ஃபோனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“படகுக்காரனையுமா மாத்துனீங்க?”

“நான்தான், இல்போ. ஓனா காதுல விழட்டும்னுதான். திட்டுய்யா. நாலு வார்த்தை திட்டிடு.”

திட்டவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றே எண்ணைப் பழையபடி மாற்றினேன். மாற்றி என்ன, ஊர் வாயை மூட முடியுமா?

ஜூன் முதல் வாரம் ஆபீஸ் ஃபோன் அடித்தது. எடுத்தது நான்.

“ஹில்க்கா, நான் ஓனா.”

எட்டு வருஷம் கழித்து அந்தக் குரல். “ஏ பொண்ணே! நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? உங்கப்பா இப்பதான் கடைக்குப் போயிருக்கார், இரு, வந்துடுவார்...”

“வேண்டாம். உன்கிட்டதான் கேக்கணும். அந்தப் படகுக்காரர் தட்டினதும் பேசுறார்னு சொல்றாங்க. என்கிட்ட அப்படிப் பேசலையே.”

“உன்கிட்டயா? நீ கேட்டியா? எப்போ?”

“முதல் நாளே.”

“இருபத்து நாலு நிமிஷம்தானேடி ஆடின!”

“முதல் படத்துலயே ஆறு தெரிஞ்சுது. அது நாங்க மீன் பிடிக்கப் போற எடம். அப்பா எங்க உக்காருவார்னு எனக்குத் தெரியாதா? வழியில யாரையும் பாக்கல, நேரா அங்க போனேன். உக்காந்தேன். அப்பாகிட்டப் பேச்சு வாங்கணும்னா சும்மா உக்காரணும், அது எனக்கு மூணு வயசுலயே தெரியும். பேசினார். மூடிட்டேன். அதுக்கு மேல என்னால ஆட முடியல.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல? அந்த மனுஷன் தினமும் அந்த நிமிஷத்தைப் பாத்துப் பாத்து...”

“நடுக்கோடைப் பண்டிகைக்கு நேர்ல வந்து சொல்லலாம்னு டிக்கெட் எடுத்திருந்தேன்.”

இவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்! மூன்று மாதமாக டிக்கெட்டை வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் இருந்திருக்கிறாள்.

“போன வாரம் என் ஆபீஸ்ல ஒருத்தன் லேட்டா வந்தான். படகை விட்டு இறங்கலன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், ஹில்க்கா. அவங்களோட சேந்து நானும் சிரிச்சேன்.” குரல் உடைந்தது. “எனக்கு மட்டும்னு நெனச்சது அது. டிக்கெட்ட ரத்து பண்ணிட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லு. ஆட்டம் விக்கணும்னு அப்பாதான் மாத்தினாரா?”

இல்லை, நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு சொல். வாழ்நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசினவள், அந்த இரண்டு சொல் வராமல் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ‘சரி’ என்று வைத்துவிட்டாள்.

இல்போ பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார். ஒன்றுவிடாமல் கொட்டினேன், அழுதுகொண்டே. ஆற்றை அடையாளம் கண்டது, உட்கார்ந்தது, டிக்கெட், சிரித்தது, நான் வாயடைத்து நின்றது, எல்லாம். பாலைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

“காத்திருந்தாளா?” என்றார்.

“நாலு நிமிஷமும்.”

அந்த முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு விநாடிதான், ஆனால் பார்த்தேன்.

“சிரிச்சது பரவாயில்லையே. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்.”

“இதையே அவகிட்டச் சொல்லுய்யா! இந்த ஒண்ணைச் சொன்னாப் போதும், அவ வந்துடுவா. இன்னைக்கு விட்டா இனி கிடையாது.”

அவர் தலையாட்டினார். நானே அவள் எண்ணை அழுத்தினேன். எடுத்தாள். “ஓனா, மாத்தினது நான். உங்கப்பா மாத்தக் கூடாதுன்னுதான் சொன்னார். இப்பச் சொல்றேனேன்னு கோவிச்சுக்காத. அவர் இங்கதான் இருக்கார்” என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு, ஃபோனை அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

“அப்பா?” என்றாள்.

இல்போ வாயைத் திறந்தார். மூடினார். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்கு துடித்தது. இந்தத் தடவையாவது குறுக்கே போகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. அவள் வைக்கவில்லை. எங்கேயோ பிரிஸ்டலில் ஒரு பஸ் கதவு மூடும் சத்தம், யாரோ அவளிடம் ஏதோ கேட்க, அவள் பதில் சொல்லவில்லை. ஃபோன் திரையில் விநாடிகள் ஓடின. இரண்டு நிமிடம். மூன்று. இல்போவின் உதடு அசைந்தது, கழுத்தில் நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை.

நான்கு நிமிடத்தையும் தாண்டி அவள் காத்திருந்தாள். ஆறாவது நிமிடத்தில், மிக மெதுவாக, “சரிப்பா” என்றாள். வைத்துவிட்டாள்.

இல்போ அந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லத்தான் போனேன்” என்றார்.