மடிப்பு விழாத ஷூ

நான் கதை எழுதுகிற ஆள் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வதுதான் என் பிழைப்பு. இதையும் அப்படித்தான் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்த ஷூ இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.

என் பெயர் கிருபானந்தம். வீடு விருதம்பட்டில், பாலாற்றுக்கு அந்தப் பக்கம். கம்பெனி பஸ் சாயங்காலம் வேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இறக்கிவிடும். பழைய பாலத்தைத் தாண்டினால் வீடு. அப்போது பாலத்தில் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வண்டிகளைப் புதுப் பாலம் வழியாகத் திருப்பிவிட்டார்கள். நடந்து போகிறவர்களை மட்டும் வாட்ச்மேன் அருணகிரி உள்ளே விடுவார். மற்றவர்கள் ஆட்டோவில் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் நடந்தேன். என் மனைவி ஜெபகனி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சீக்கிரம் வீட்டுக்குப் போய் நான் என்ன செய்யப் போகிறேன்?

வண்டியே இல்லாத அந்தப் பாலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கீழே தண்ணீர் இல்லாத ஆறு. மணலும் முள்செடியும்தான். கோட்டைக்குப் பின்னால் மலை இருட்டிக்கொண்டு வரும். தூரத்து ரயில் பாலத்தில் காட்பாடி ரயில் ஜன்னல் ஜன்னலாக வெளிச்சத்தோடு போகும். அதில் இருக்கிற எல்லோருக்கும் போய்ச் சேர ஒரு ஆள் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மணி 6:40. எனக்குப் பத்தடி முன்னால் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்ப்போம். கறுப்பு லேஸ் ஷூ. நல்ல பாலிஷ். என் காலில் இருந்ததோ மூன்று வருஷத்துப் பழசு. விரல் மடங்கும் இடத்தில் ஆழமாக இரண்டு மடிப்பு. “உங்க நெத்தி மாதிரியே இருக்குது” என்று ஜெபகனி கிண்டல் செய்வாள்.

டக்... டக்... டக்...

பாலத்தின் நடுவில் அவர் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். நான் தாண்டிப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. வந்த வழியே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும் வந்தார். இரண்டாவது வாரம் திரும்பாமலேயே எனக்குக் கை தூக்கினார். நானும் தூக்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாள் முழுக்க அந்த ஒரு கைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் பாலம் முழுக்க ஜல்லி கொட்டியிருந்தது. என் காலடியில் நறநறவென்று சத்தம். அவர் காலடியில் அதே டக்... டக்...

அருணகிரியிடம் அவர் யார் என்று கேட்டேன். “உங்களுக்கு முன்னாடி யாருமே போவலியே சார்” என்றார். டீ குடிக்கப் போயிருப்பார், கவனித்திருக்க மாட்டார் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. மணி 6:48. பாலத்தின் நடுவில் நான் பக்கத்தில் வந்ததும் அவர் முதல்முறையாகப் பேசினார்.

“வீட்ல யாரு இருக்காங்க?”

“யாரும் இல்ல.”

“அப்ப இங்கயே இருங்களேன்.”

ஏழு மாதத்தில் என்னை யாரும் இரு என்று சொன்னதில்லை. நின்றுவிட்டேன். சுவரில் கையும் வைத்துவிட்டேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பழக்க தோஷம்... கண் கீழே போனது.

அவர் ஷூவை அன்றுதான் கிட்டத்தில் பார்க்கிறேன். எவ்வளவு உசத்தியான தோலாக இருந்தாலும் சரி, போட்டு நடந்தால் முன்பக்கம் மடிப்பு விழும். ஒரே நாள் போதும். விழாத தோல் உலகத்தில் கிடையாது.

இவர் மூன்று வாரமாக நடக்கிறார்.

ஒரு கோடுகூட இல்லை.

கால் மடங்கவே இல்லை...

எனக்கு நிமிர்ந்து முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தப்பித்தால் போதும் என்று வாய் எதையோ சொன்னது.

“இன்னைக்கி வேணாம். நாளைக்கி இருக்கேன்.”

“சரி. நாளைக்கி.”

ஓடினேன்.

மறுநாள் நல்ல காய்ச்சல். கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஷூ வாசல் ஸ்டாண்டிலேயே இருந்தது. 6:40 முதல் ஏழு மணி வரை சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு ஜெபம் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்பாடா என்று தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை 5:50. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஷூவை மாட்டிக்கொண்டு, விடிந்துவிட்ட தைரியத்தில் பாலத்தைக் கடந்தேன். நடுவில் யாரும் இல்லை. வேலூர் முனையில் அருணகிரி மறித்தார்.

“இன்னா சார், நேத்து அத்தினி வாட்டி கூப்ட்டேன். திரும்பவே இல்ல?”

“நேத்து நான் வரவே இல்லியே.”

“வெளாடாதீங்க சார். ஆறு நாப்பதுக்கு உள்ள போனீங்க. கூட ஒருத்தரு, உங்க தோள்ல கை போட்டுக்கினு. சிரிச்சிக்கினே போனீங்க. நீங்க சிரிச்சி நான் பாத்ததே இல்ல.”

“அப்புறம்?”

“நடுவுல நின்னீங்க. திரும்பி வரல.”

மெதுவாகக் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

மூன்று வருஷத்து ஷூ. ஜெபகனி கிண்டல் செய்த இரண்டு மடிப்பும் இல்லை. தோல் புதிதுபோல வழவழவென்று இருந்தது.

அதன் பிறகு நான் அந்தப் பாலத்தில் நடந்ததில்லை. வேலை முடிந்து பாலத்தைத் திறந்துவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது நடுவில் கண்ணை மூடிக்கொள்வேன். பயத்தோடு கொஞ்சம் பொறாமையும் உண்டு. அங்கே நிற்கிறவன் சிரிக்கிறானாமே.

பழைய ஷூவை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். வேறு ஷூ வாங்கி, தினமும் போட்டு நடக்கிறேன். நான்கு மாதம் ஆகிறது.

அதிலும் இன்னும் மடிப்பு விழவில்லை.